இண்டைக்கு ஆர்?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், ஆரிடம் கேட்டு எழுதினீர்கள் என்று வந்து நிற்பார். அனுமதி தந்தது ஒருவரா, இருவரா என்று அடுத்ததாகக் கேட்பார். மன்னார்த் தீவில் ஓர் உள்ளூராட்சிக் கந்தோரின் தண்ணீர் பவுசர் சாரதி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கந்தோரில் என் சேவையின் கடைசி ஒன்பது வருடங்களை, ஏழு மாதம் குறைய, நிருவாக உத்தியோகத்தராகக் கழித்தேன். கழித்தேன் என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

பொறுப்பேற்ற முதல் நாள் காலை ஏழரை மணிக்குக் கதிரைத் தூசியை லேஞ்சியால் தட்டிக்கொண்டிருந்தேன். கதவடியில் ஒரு மெலிந்த மனிதர் வந்து நின்றார். செருப்பு இல்லை. கையில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. மீன் பிடிக்கிற தங்கூசியால் ஒரு பேனையை அந்தக் கொப்பியோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"இண்டைக்கு ஆர், சேர்?"

"ஆர் என்ன?"

"சொல்லுறது ஆர் எண்டு கேட்டனான்."

இப்படியான கேள்விகளுக்கு என்னிடம் எப்போதும் ஒரு வரைபடம் உண்டு. ஒரு தாளை எடுத்து அமைப்பு விளக்கப்படம் கீறினேன். மேலே தவிசாளர், அவருக்குக் கீழே செயலாளர், பக்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதற்குப் பக்கத்தில் நான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் பெட்டி. அவர் மரியாதையோடு குனிந்து பார்த்தார்.

"வடிவா இருக்கு சேர். இதில நான் எங்க?"

அடிப் பெட்டியைக் காட்டினேன். அந்தப் பெட்டிக்கு வந்து சேரும் கோடுகளை அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"நாலு கோடு வருது."

"ஓம்."

"இண்டைக்கு எந்தக் கோடு?"

நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அதுவரையான இருபத்தாறு வருடச் சேவையில் கீழே இருந்து வரும் நியாயமான கேள்வியை எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பழகியிருந்தேன்.

என் படிப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். பிரான்சில் ஒரு சுரங்கக் கம்பனியை நடத்திய பெரியவர் ஒருவர் முகாமைத்துவத்துக்குப் பதினான்கு தத்துவங்கள் எழுதி வைத்தார். அதில் நாலாவது, ஒரு பணியாளுக்கு ஒரே ஒரு மேலாளரிடமிருந்துதான் கட்டளை வரவேண்டும் என்பது. ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவில் கையில் கடிகாரத்தோடு தொழிலாளிகளுக்குப் பின்னால் நடந்து திரிந்த இன்னொருவர், ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர்கள் இருக்கட்டும், ஆளுக்கொரு விசயத்தைப் பார்க்கட்டும் என்றார். இரண்டு பேரையும் ஒரே விடைத்தாளில் ஆதரித்து எழுதி, சம்பள ஏற்றத்துக்கான வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையை முதல் தடவையிலேயே தாண்டியவன் நான். தடையைத் தாண்டிய பிறகு என் வினைத்திறன் எங்கே போனது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பிறகு சனிக்கிழமைகளில் இளம் எழுதுவினைஞர்களுக்கு அதே இரண்டையும் படிப்பித்தேன். அவர்களும் தாண்டினார்கள்.

பவுசர்க்காரர் எந்தத் தடையையும் தாண்டியவர் அல்ல. அந்தப் பிரெஞ்சுக்காரரின் நாலாவது தத்துவத்தை மட்டும் எங்கேயோ சொந்தமாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏழரைக்குக் கந்தோரில் எந்த அதிகாரி இருக்கிறாரோ அவர் முன்னால் கொப்பி விரியும். அன்றைய திகதி, தண்ணீர் போகவேண்டிய ஊர்கள், அதன் கீழே "இன்று சொல்பவர்" என்று ஒரு வரி. அதில் கையெழுத்து வைத்தால், மாலை ஐந்து வரை அவருக்கு நீங்கள்தான் கடவுள். மற்ற மூன்று பேரும் வெறும் பாதசாரிகள். பிறகு கைத்தொலைபேசியை நிறுத்தி, சாரதி ஆசனத்துக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார். சொல்பவர்தான் சொல்லி முடித்துவிட்டாரே, இனி என்ன கேட்க இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

மன்னார்ப் பட்டினத்து வீதிகளில் கழுதைகள் குறுக்கே நின்றால் மற்றச் சாரதிகள் ஹோன் அடிப்பார்கள். இவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒருநாள் பக்கத்து ஆசனத்தில் நான் இருந்தேன். இதுகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டேன்.

"அதுகளுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்ல சேர். அதால அதுகளோட எனக்குப் பிரச்சினை இல்ல."

அன்று நான் பவுசரில் ஏறியதற்குக் காரணம் அந்த அமெரிக்கர். மடியில் கடிகாரமும் தாளும் வைத்துக்கொண்டு, நிரப்ப எத்தனை நிமிடம், ஓட எத்தனை, ஊற்ற எத்தனை என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். தோட்டவெளியைத் தாண்டி ஒரு மீள்குடியேற்றக் கிராமம் இருந்தது. கிணறு வெட்டினால் சவர்த் தண்ணீர்தான். அங்கே எல்லாக் குடங்களும் நிரம்பிய பிறகும் பவுசர் பதினொரு நிமிடம் சும்மா நின்றது. வீண் நேரம் என்று சிவப்பில் கீறி அவரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. ஒழுங்கையைப் பார்த்தார். ஒரு கால் இழந்த மனிதர் ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்தார். தோளில் இரண்டு வெறும் தண்ணீர்க் கான்கள்.

நான் அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. அறிக்கையில் அப்படியே போட்டேன். அழிப்பது தரவைத் திரிப்பதாகும். என் நேர்மை அந்தக் காலத்தில் அப்படித்தான் வேலை செய்தது.

அவரை ஒரு புனிதராக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவருடைய கொள்கை ஒரு குசினியை எரித்திருக்கிறது. ஒரு சோளகக் காற்று நாளில், நடுப்பகல், பட்டினத்துக்குத் திரும்பி வரும் வழியில் ஒரு வளவில் பனையோலை வேலி பற்றிக்கொண்டது. பவுசரில் அரைவாசித் தண்ணீர் இருந்தது. சனம் வீதிக்கு ஓடிவந்து மறித்தது. ஒருவர் வேலிக்கு அடி என்றார், ஒருவர் வீட்டுக்கு அடி என்றார், இன்னொருவர் பின்பக்கத்தால் வா என்றார். அவர் பவுசரை நிறுத்திவிட்டு, வாழ்க்கையில் அபூர்வமாகக் கைத்தொலைபேசியை உயிர்ப்பித்து, அன்றைய சொல்பவரை அழைத்தார். அன்றைய சொல்பவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுக்க நேரமாகிவிட்டது. அதற்குள் குசினி போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டு அம்மா வீதியில் நின்று அவரைப் பேசிய பேச்சை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தமிழ் போதாது.

அதன் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அங்கே போய்க் கம்பு நட்டு, கிடுகு கட்டி, அந்தக் குசினியைத் திரும்ப எழுப்பிக் கொடுத்தார். நான் விடவில்லை. இப்போதாவது உம்முடைய சட்டத்தை விடுவீரோ என்று கேட்டேன்.

"நான் செய்தது பிழைதான் சேர். எண்டாலும் அந்தப் பிழை ஒராளின்ர. என்ர. நாலு பேர் சொல்லி நடந்திருந்தா அந்த அம்மா ஆரைப் பேசுறது?"

வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டதற்குச் சிரித்தார். அங்கே அவருடைய மனைவிதானாம். கொப்பி தேவைப்படுவதில்லையாம்.

மழை பொய்த்த அந்த வருடத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழரைக்குக் கந்தோரில் நான் ஒருவன்தான் இருந்தேன். மாகாணத்துக்கு அனுப்பவேண்டிய ஓர் அறிக்கை தலைக்கு மேல் நின்றது. கொப்பி வந்தது. நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்து வைத்தேன். பத்து மணிக்குத் தவிசாளர் அழைத்தார். என்னிலும் இருபது வயது இளையவர். பொதுமேடைகளில் என்னை அண்ணன் என்பார், அறைக்குள் பதவியால் அழைப்பார். பின்னேரம் கொழும்பிலிருந்து ஒரு முக்கியமான விருந்தினர் விளையாட்டு மைதானத்துக்கு வருகிறார், மணல் பறக்கிறது, பவுசரை மைதானத்துக்குத் திருப்பி நனைக்கச் சொல்லுங்கள் என்றார். பவுசர் அந்த நேரம் தோட்டவெளிப் பக்கம் அந்தக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நாளாகத் தண்ணீர் போகாத கிராமம்.

நான் அழைத்தேன். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

தவிசாளர் நிம்மதி அடையவில்லை. தன் வாகனத்தில் துரத்திப்போய், கிராமத்துச் சந்தியில் பவுசரைப் பிடித்தார். சனம் குடங்களோடு வரிசையில் நின்றது. அத்தனை பேருக்கும் முன்னால் பவுசரைத் திருப்பச் சொன்னார். நம்முடைய ஆள் கொப்பியை எடுத்து விரித்துக் காட்டியிருக்கிறார்.

"இண்டைக்கு நீங்கள் இல்ல ஐயா. திங்கட்கிழமை ஏழரைக்கு வாங்கோ. கையெழுத்து வையுங்கோ. அண்டைக்கு முழுக்க நீங்கள்தான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மைதானம் நனையாததை அவர் மன்னித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை சாரதி வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். விசாரணை முடியும்வரை பவுசரைத் தொடக்கூடாது. ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. குற்றம் நிரூபணமானால் அது இல்லை. பவுசர்ச் சாவியையும் சீ.ஆர். கொப்பியையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு கேட்டார். சாவிக்கு மட்டும் எழுதினேன். கொப்பி அவருடைய சொந்தக் கடதாசி, அரச ஆவணம் அல்ல, அதற்கு எழுத எனக்கு ஏற்பாடு இல்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் பவுசருக்கு வேறொரு சாரதி வந்தார். நல்ல பணிவான மனிதர். யார் சொன்னாலும் ஓம் என்பார். ஒருநாள் செயலாளர் சொல்லி ஆஸ்பத்திரிப் பக்கம் புறப்பட்டவர், வழியில் தவிசாளர் அழைக்கத் திரும்பி, பாலத்தடியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அழைக்க மறுபடி திரும்பி, மாலை ஐந்து மணிக்கு நிரப்பிய தண்ணீர் நிரப்பியபடியே கந்தோருக்கு வந்து சேர்ந்தார். தீவைச் சுற்றிக் காட்டப்பட்ட தண்ணீர் அது. அமெரிக்கரின் எட்டு மேற்பார்வையாளர்கள் எனக்கு அன்று நினைவுக்கு வந்தார்கள்.

நான் சமரசத்துக்கு முயன்றேன். சாரதியைக் கூப்பிட்டு, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தாரும், நான் முடித்துவைக்கிறேன் என்றேன். தவிசாளரும் அதற்கு உடன்பட்டிருந்தார்.

"என்னத்துக்கு மன்னிப்பு சேர்?"

"கட்டளையை மீறினதுக்கு."

"உங்கட கட்டளையை நான் மீறேல்லயே."

பிடிவாதம் ஒரு வருத்தம், அதற்கு மருந்து இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான், ஒருநாளும் சொல்லாததை அவர் சொன்னார். சத்தம் கூட்டாமல், மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இடம்பெயர்ந்த காலத்தில் அவர் உழவு மெசின் ஓட்டியிருக்கிறார். பின்னால் இழுத்த பெட்டி நிறையச் சனம். வெள்ளாங்குளம் தாண்டி ஓரிடத்தில் ஒருவர் முன்னுக்குப் போ என்றாராம், இன்னொருவர் திருப்பு என்றாராம். இரண்டு பேர் கையிலும் துவக்கு இருந்ததாம்.

"ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு சொன்னனான் சேர். பாதி ரோட்டில குறுக்கால நிண்டுது மெசின். செல் வந்துது. சனம் குதிச்சு இறங்கினது. இறங்கின எல்லாரும் திரும்ப ஏறேல்ல."

பிறகு எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார். கடிதம் எழுதவில்லை.

குற்றப்பத்திரிகை தயாரிப்பது என் கடமை. அதில் நான் கெட்டிக்காரன். எந்தக் கட்டளை, யார் இட்டது, எந்த நேரம், எந்த இடம், எந்த நோக்கத்துக்கு என்பவை தெளிவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மேன்முறையீட்டில் நிற்காது. ஆகவே தெளிவாக எழுதினேன். ஐந்து நாள் குடிநீர் இல்லாத கிராமத்துக்குச் சென்றுகொண்டிருந்த தண்ணீரை விளையாட்டு மைதானத்தின் மணலில் ஊற்றும்படி தவிசாளராகிய நான் இட்ட கட்டளையை மேற்படி சாரதி நிறைவேற்றத் தவறினார். கீழே தவிசாளரின் கையெழுத்துக்கு இடம் விட்டேன்.

தவிசாளர் வாசித்தார். பேனையின் மூடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"இதில நான் கையெழுத்து வைக்கோணுமோ?"

"வேறு ஆள் வைக்க ஏலாது. கட்டளை உங்கட."

தாளை இன்னொரு முறை வாசித்தார். அவர் மடையர் அல்ல. பிறகு கேட்டார், அந்தக் கொப்பி எங்கட பதிவேட்டில இருக்கோ என்று. இல்லை என்றேன். அதை வாங்கினதுக்குப் பற்றுச்சீட்டு இருக்கோ? இல்லை.

"அப்ப கொப்பி எண்டு ஒண்டு இல்ல. கொப்பி இல்லாட்டி கட்டளையும் இல்ல. ஒருத்தரும் சொல்லாமல் அரச வாகனத்தைத் தன்ர எண்ணத்துக்குக் கொண்டுபோனவர். அப்பிடி எழுதுங்கோ. உங்கட கையெழுத்தும் அதில கிடக்கு, நினைச்சுப்பாருங்கோ. உங்களுக்கும் நல்லது."

அவர் சொன்னது ஒழுங்கு விதிப்படி குறையில்லாத யோசனை. நான் படிப்பித்ததை என் வாழ்நாளில் யாரும் இவ்வளவு சுத்தமாக எனக்குத் திருப்பி ஒப்புவித்ததில்லை. கொப்பி என் மேசை லாச்சியில் கிடந்தது. ஒரு நெருப்புக்குச்சி போதும். அதுகூடத் தேவையில்லை. லாச்சியை மூடி வைத்தாலே போதும்.

அறைக்கு வந்து வாசித்தேன். அந்தக் கொப்பியை நான் முதன்முதலாக வாசித்தது அன்றுதான். பக்கம் பக்கமாக ஊர்ப் பெயர்கள். கீழே கையெழுத்துகள். செயலாளர், தொழில்நுட்பம், பெரும்பாலும் நான். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், கிராமத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக "ஐந்து நாள்" என்று குறித்திருந்தார். அதன் கீழே என் கையெழுத்து, என் அவசரத்தின் வால் நீண்டபடி.

எழுத்தில் இல்லாதது நிருவாகத்தில் இல்லை என்று ஒரு ஜேர்மனியர் சொல்லி வைத்திருக்கிறார். அவரையும் நான் படிப்பித்திருக்கிறேன். சரி, எழுத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

அன்று சாப்பிடப் போகவில்லை. சிவப்புப் பேனையால் ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையிலும் இலக்கம் இட்டு, ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் வைத்தேன். உட்பக்க அட்டையில் கந்தோர் முத்திரை குத்தினேன். கிடைத்த ஆவணங்களின் பதிவேட்டில் பதிந்தேன். புதிய கோவை ஒன்று திறந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு எதிரில் ஒரு குறிப்பு எழுதினேன். "இந்நாளில் கட்டளையிட்டவன் நான். சாரதி அதற்குக் கீழ்ப்படிந்தார். வேறு எந்தக் கட்டளையும் எழுத்தில் இல்லை." பிறகு கொப்பி கிடைத்ததை உறுதிப்படுத்திச் சாரதிக்கு ஒரு கடிதம். அதன் பிரதிகள் மாகாணத்தில் யார் யாருக்குப் போகவேண்டுமோ அவர்கள் அத்தனை பேருக்கும். கணக்காய்வுக்கும் ஒன்று. பதிவுத்தபாலில், என் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டேன். இலக்கமிட்ட ஒரு கொப்பியைக் காணாமல் போக்குவது இந்த நாட்டில் ஆளைக் காணாமல் போக்குவதைவிடக் கடினம்.

இரண்டு நாளில் தவிசாளர் என் கதவடியில் நின்றார். கையில் பிரதி.

"ஆர் உங்களை இதைச் செய்யச் சொன்னது?"

முப்பத்தைந்து வருடச் சேவையில் இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு சுற்றறிக்கை இலக்கம் இருந்தது. அன்று இல்லை.

"ஒருத்தரும் சொல்லேல்ல," என்றேன். "ஒராள்தான். நான்."

குற்றப்பத்திரிகை கையெழுத்தில்லாமலே கோவைக்குள் தூங்கப்போனது. மூன்று வாரத்தில் நிறுத்திவைப்பு நீக்கப்பட்டது. அதே தபாலில் எனக்கும் ஒன்று வந்தது. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்த என்னை, சேவையின் தேவை கருதி, வெள்ளாங்குளம் பக்கம் ஓர் உப கந்தோருக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு மேசை, ஒரு கதிரை, யன்னலால் எட்டிப் பார்க்கும் ஆடுகள். அங்கே போய் முதல் வேலையாக அமைப்பு விளக்கப்படம் கீறினேன். ஒரே ஒரு பெட்டி.

அது பிறகு. இடமாற்றக் கடிதத்துக்கு இன்னும் நாலு நாள் தவணை இருந்தது, அவர் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, ஏழரை மணிக்குக் கதவடியில் அவர் நின்றார். செருப்பு இல்லை. பழைய கொப்பி இப்போது அரச ஆவணம் என்பதால் புதிய கொப்பி. தங்கூசியில் அதே பேனை. நன்றி என்று ஒரு சொல் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, சொல்பவருக்கு நன்றி சொல்ல அவருடைய சட்டத்தில் விதி இல்லை.

"இண்டைக்கு ஆர், சேர்?"

கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, திகதியிலிருந்து கடைசி ஊர் வரை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். கழுதை முன்னால் நிற்பதுபோல.

"இந்த முறை வாசிச்சுத்தான் வைக்கிறன்," என்றேன். "அண்டைக்கு வாசிக்கேல்ல. உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் சேர்."

"தெரிஞ்சுகொண்டோ எனக்காக வேலையைப் பணயம் வைச்சனீர்?"

"உங்களுக்காக இல்ல," என்றார். கொப்பியைத் திருப்பி வாங்கி, மை காயட்டும் என்று ஒருமுறை ஊதினார். "வாசிக்காமல் வைச்சாலும் கையெழுத்து உங்கடதானே."

தொலைபேசியை நிறுத்தினார். போனார்.